கொழுப்பு

முப்பத்திநாலு வயதில்
என் ஈரலுக்கு முதன்முதலாய் ஒரு பெயர் கிடைத்தது,
அதுவும் சிங்களத்தில்:
"அக்மாவே தெல்."
டிக்கோயா ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர்,
என்னைவிடச் சின்னவள்,
தமிழில் தேடித் தேடிச் சொன்னாள்:
"ஈரல்... கொழுப்பு. குடிக்கிறதா?"

இல்லை மிஸ்.

அவள் எழுதவில்லை.
பேனையை மேசையில் வைத்துவிட்டு
இன்னொரு தரம் கேட்டாள்.

வீட்டில் கௌசல்யா ஒன்றுமே கேட்கவில்லை.
ரிப்போர்ட்டை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.
நான் முகம் கழுவும் நேரம் பார்த்து
ஹெல்மெட்டை எடுத்து
மோந்து பார்த்தாள்.

அதற்குள் மழை இருந்தது,
லொறிப் புகை, ஒரு வருஷத்து வேர்வை.
நான் குடிப்பது வேறு.
கொட்டகலையில் ஒரு சோடா.
நித்திரையை விரட்ட ஒரு சிவப்பு டின்.
மூன்று கரண்டி சீனியோடு பால் டீ,
பார்சலுக்குக் காத்து நிற்கும் கடைதோறும் பனிஸ்,
இரவு பதினொன்றுக்கு
மிஞ்சிப்போன கொத்து. கடைக்காரன் சும்மா தருவான்.

போன மாசம்
கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா கூட்டிக் கேட்டேன்.
"ஒனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு ரமணீதரா"
என்றார் சுப்பர்வைசர்.
அவருக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை.

லயத்தில் செய்தி என் பைக்கைவிட வேகம்.
ஈரல் போயிருச்சாம்.
ஒளிச்சு ஒளிச்சு அடிச்சிருக்கான்.
அப்பன் புத்தி.
அப்பா கசிப்பில் போனவர்தான்.
அந்த நாற்றத்துக்குப் பயந்தே
நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்பதை
எந்த ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்?

தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னாள் டொக்டர்.
அம்மா முப்பது வருஷம்
கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கி
முழங்கால் தேய்ந்தவள்.
நடக்காமல் பிழைக்கத்தான் மிஸ்
லீசிங்கில் பைக் எடுத்தேன்.
சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்றிரவு மல்லியப்பு சந்தி பாரிலிருந்து ஓடர்:
ஈரல் பொரியல் ரெண்டு, நோர்வூட்டுக்கு.
பெட்டிக்குள் அது சுடச்சுட
என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
வனராஜா வளைவில்
வெளிச்சமே இல்லாமல் ஒரு லொறி.
ஈரக்கொலை நடுங்கிப்போச்சு.

அட, இருக்குது இன்னும்.

பைக்கை ஓரங்கட்டி
கை நடுக்கம் நிற்கும்வரை மழையில் நின்றேன்.
பிறகு என்ன நினைத்தேனோ,
பங்களா கேட்டுக்கு நூறு யார் முன்னாலேயே இறங்கி
பார்சலைத் தூக்கிக்கொண்டு
மேட்டில் நடந்தேன். மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து போனைப் பார்த்தால்
ஒற்றை நட்சத்திரம்.
லேட். சாமான் ஆறிப்போச்சு.