ரசமட்டம்

எங்கள் தீவில் சமதளம் என்றால்
கால்பந்து மைதானம் ஒன்றுதான்.
அதையும் மலையை வெடிவைத்துத்தான் போட்டார்கள்.
மற்றதெல்லாம் சரிவு.
தேவாலயம், மீன் ஆலை, உருளைக்கிழங்குப் பாத்தி,
செத்தவர்கள் கூட
கடலைப் பார்த்துச் சாய்ந்துதான் கிடக்கிறார்கள்.

இரண்டு மாதம் பேரண்ட்ஸ் கடலில் வலை இழுத்துவிட்டு
த்ரோந்தூர் கரையேறிய மூன்றாம் நாள்
டிராம்போலின் வந்தது,
நான்கு அட்டைப் பெட்டிகளில்.
மதியத்துக்குள் பூட்டிவிட்டான்.
பியோர்த் ஏறிக் குதித்தாள்.
குதிக்கு ஒரு முழம் கீழே போனாள்.
ஆறாவது குதியில் பாதுகாப்பு வலையில் கன்னம் பதிய
மீன்போல் மாட்டிக்கொண்டு கத்தினாள்:
இன்னொரு தடவை!

அவன் சிரிக்கவில்லை.
கொட்டகைக்குப் போய் ரசமட்டம் எடுத்துவந்தான்.
விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பலகை போட்டு
அதன்மேல் வைத்தான்.
குமிழி மேட்டுப் பக்கம் ஓடி
மூலையில் ஒட்டிக்கொண்டது,
கூப்பிட்டால் வராத பூனை.

வேலிக்கு அந்தப்புறம் ஒலிவூர்,
வாயில் உலர்ந்த மீன்:
மேட்டுக் காலைப் புதை.
பள்ளத்துக் காலை உயர்த்தினாயோ, காற்று அடியில் புகுந்துவிடும்.
போன அக்டோபரில் பள்ளிக்கூடத்து டிராம்போலின்
கல்லறைச் சுவரில் சாய்ந்து நின்றதே,
யாரையோ பார்க்க வந்ததுபோல.

சரி, புதைக்கலாம்.
புல்லைப் பாயாகச் சுருட்டி ஓரம் வைத்தான்.
ஒரு சாண் மண்.
அப்புறம் கடப்பாரை மணிபோல் ஒலித்தது.
இந்தத் தீவே ஒரு பாறை,
மேலே கொஞ்சம் புல் தூவி
எங்களைக் குடிவைத்திருக்கிறது.
பாறையிடம் யாரும் பேரம் பேசுவதில்லை.
மேலே ஒரு சாண் இறக்கினான்,
கீழே ஒரு சாண் கான்கிரீட் கட்டை கொடுத்தான்.
ஆறு காலுக்கும் இரும்பு முளை, கப்பல் கயிறு.
ஒலிவூர் தலையை ஆட்டினார்,
ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

இரவு பத்து மணி. வெளிச்சம் போகவில்லை.
நான் பலகையின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்.
இன்னும் ஒரு நூல், என்றான்.
நான் தூக்கினேன்.
அரை நூல் இறக்கு.
இறக்கினேன்.
வீட்டுக்கடனைப் பற்றிப் பேசவில்லை.
ஆகஸ்டில் மறுபடி போகிறானா என்று நான் கேட்கவில்லை.
மூன்று நாளில் நாங்கள் பேசிக்கொண்டதில்
அதிகமானது இந்த நூலும் அரை நூலும்தான்.

குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து
நின்றது.
நிமிர்ந்தவன் தள்ளாடி
என் தோளைப் பிடித்துக்கொண்டான்.
இன்னும் ஆடுகிறது, என்றான்.
கப்பலில் தட்டுக்கடியில் ஈரத்துணி விரித்துத்தான் சாப்பிடுவார்களாம்.
எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லவிட்டேன்.

பியோர்த் குதித்தாள்.
குதித்த இடத்திலேயே விழுந்தாள்.
விழுந்த இடத்திலேயே எழுந்தாள்.
பத்துவரை எண்ணிவிட்டு இறங்கினாள்.
முன்னாடி இது கடலுக்குப் போச்சு, என்று
என்னிடம் மட்டும் குறைப்பட்டாள்.
பிறகு ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்:
வாசற்படி, கோணல்.
கோழிக்கூண்டு, கோணல்.
படுத்திருந்த கிடாவின் முதுகு,
அது எழுந்து போய்விட்டது.
ஒலிவூரின் தொப்பி, ரொம்பக் கோணல்.

அவன் சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தான்,
பூட்ஸோடு,
உருண்டு விழாமலிருக்க
முழங்காலைச் சாய்மானத்தில் முட்டுக்கொடுத்து.
அவள் சத்தமில்லாமல் வந்து
அவன் நெஞ்சில் ரசமட்டத்தைக் கிடத்தினாள்.
மூச்சு ஏற, குமிழி ஒரு கோடு தாண்டியது.
மூச்சு இறங்க, திரும்பி வந்தது.

நிக்கவே மாட்டேங்குதும்மா, என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே
கயிறுகள் இழுபட்டு லேசாக முனகின.
நான் எடுக்கச் சொல்லவில்லை.
இருவரும் உட்கார்ந்து
அது போவதையும் வருவதையும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.