இரண்டு பத்து

லியெபாயாவில் பனி சேறாகிக் கிடந்த வாரம்.
"கதவு சென்சார் அடிக்கடி தொடர்பு அறுந்து
கத்தி எழுப்புகிறது" என்றார் வெல்டா.

பதிவைத் திறந்தேன்.
பகலெல்லாம் மைனஸ் அறுபத்தொன்று, நல்ல பிள்ளை.
இரவு இரண்டு பத்துக்கு மைனஸ் எண்பத்தொன்பது.
இரண்டு நாற்பதுக்குத் தானாகவே மீள்கிறது.
பதினோரு இரவுகள். ஞாயிறு மட்டும் விடுப்பு.

பேட்டரி புதிது.
எவனாவது அலையை அடைக்கிறான் என்றால்
இரைச்சல் மட்டம் ஏறியிருக்கும்;
அது அசையாமல் கிடந்தது.
ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தேன்,
சுவருக்குள் தகரமா என்று தட்டிப் பார்த்தேன்.
கடைசியில் நானே போய்
கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே நின்றேன்:
எண்பத்தெட்டு.

மனிதன் முக்காலே மூணுவீசம் தண்ணீர்.
தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்கிறது
அதே பதிவு.

மேசையில் அவர் கணவர் இல்மார்ஸ்
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
தோல் அறுபடாமல் இறங்கியது.
பிறகு கத்தி நின்றது.
கதவோரம் அவருடைய பூட்ஸ்,
வாய் அகல விரித்து, காலுக்குத் தயாராக.

"பக்கத்து வீட்டு வைஃபை" என்றேன்.
சென்சாரை நிலையின் உச்சிக்கும்
பெட்டியை அலமாரியின் தலைக்கும் ஏற்றினேன்.
வெல்டா காபி தந்தார், சீரகம் போட்ட ரொட்டியும்.

இப்போது என் திரையில்
அந்த வீடு ஒரு நேர்கோடு.
இரண்டு பத்தைச் சும்மா கடந்து போகிறது.
நிற்கிறாரா,
படுத்துவிட்டாரா,
சொல்வதற்கு இனி எந்தக் கருவியும் இல்லை.
நான்தான் சரிசெய்தேன்.