ஒரு காது வைத்த வட்டம்

விடிந்தால் காங்கயத்தில் கல்யாணம்.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடுச்சாமத்தில் வந்தவன்
பாக்கெட்டைக் கரைத்துத் தலையில் அப்பிக்கொண்டு
"அரைமணி நேரத்துல எழுப்பி உடு" என்று
விரிப்பில் ஒருக்களித்துச் சாய்ந்தான்.
நானும் தூங்கிப்போனேன்.

காலையில் பார்த்தால்
சந்தன நிற விரிப்பில் ஒரு தலை கிடந்தது.
கருப்பாக, முழுசாக,
இடப்பக்கம் ஒரு காதோடு.
கல்யாணத்தில் எல்லாரும்
அவன் காதைத்தான் பார்த்தார்கள்.

சாய ஆலையில் மயில்சாமி மாஸ்டர்.
வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துண்டுத்துணியை
வெயிலில் ஒருதரம் டியூப்லைட்டில் ஒருதரம் காட்டி
"ஒரு சொட்டு மஞ்சள் கம்மி" என்பவன்.
முப்பத்து நாலில் நரை.

"கறைதானே, எடுத்தரலாம்."
எலுமிச்சை. பிளீச்சிங்.
பிறகு டிபன் டப்பாவில் ஆலையின் ஹைட்ரோ.
விரிப்பு வெளுத்தது, தலை வெளுக்கவில்லை.
முன்னைவிட எடுப்பாக உட்கார்ந்திருந்தது.

"அப்ப மொத்தமா முக்கீரலாம்."
ஞாயிற்றுக்கிழமை, குளியலறை, அறுபது டிகிரி,
இரண்டு கிலோ உப்பு, சோடா, பாட்டில் பச்சை.
என் பூரிக்கரண்டி அன்றோடு போயிற்று.
துணி சாயம் குடிக்கும்போது அவன் பேசமாட்டான்,
எனக்கும் விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

பச்சைத் தண்ணீர் சாக்கடையில் இறங்கி
நாலு வீடு தாண்டிப் போனது.
வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் ஓடி வந்தார்:
"ஏனப்பா, பட்டறைக்காரனெல்லாம்
சொட்டுத் தண்ணி வெளிய உடப் பயந்துட்டுக் கெடக்கறான்,
நீ ஒரு விரிப்ப வெச்சுக்கிட்டு
நொய்யலுக்கே வாய்க்கால் வெட்டறயா?"

காய்ந்ததும் விரித்தோம்.
பருத்தி இழை பச்சை.
பாலியஸ்டர் இழை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
மழை ஏமாற்றிய சோளக்காடு மாதிரி அரைகுறைப் பச்சை,
நடுவில் அதே தலை, அதே காது.
குத்தவைத்து வெகுநேரம் பார்த்தான்.
"லாட்டு ரிஜெக்ட்டு" என்றான்.

நான் பிரிண்டிங்கில் இருக்கிறவள்.
ஒரு பூ தனியாக விழுந்தால் எங்களுக்குப் பிழை.
பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒருதரம் விழுந்தால்
டிசைன் என்று பில் போடுவோம்.

பட்டர் பேப்பரைத் தலைமேல் வைத்து
ஓரம் பிடித்து வரைந்தேன், காதையும் சேர்த்து.
வெட்டுவதற்கு அவனுடைய
போன வருசத்து இடுப்பு எக்ஸ்ரே கிடைத்தது.
ஒடிசாப் பையன் திலீப் பெஹெரா
மிஞ்சிய கருப்பு பேஸ்ட்டை ஊறுகாய் பாட்டிலில் தந்தான்.
"எதுக்கு அக்கா?"
"தலைக்கு."

ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப்
பதினொரு தலை.
சிலதைத் திருப்பி வைத்தேன்,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால்
கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கும் என்று.
மேலே செய்தித்தாள் விரித்து
இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினேன்.
வீடெல்லாம் கம்பெனி வாசம்.

வாடகை வாங்க வந்த தெய்வாத்தாள்
"மாங்கா டிசைனா? நல்லாருக்குது, எந்தக் கடைல?" என்றார்.
ஈரோட்டில் வாங்கினதுங்க, என்றேன்.

மூன்றே வாரத்தில் அவன் வகிட்டில் வேர் வெளுத்துவிட்டது.
விரிப்பில் ஒன்றும் வெளுக்கவில்லை.

இன்றும் நடுச்சாமத்தில் வந்தான்.
தலையணைகூட எடுக்காமல் படுத்து
தன் தலை எதுவென்று தேடினான்.
ஒன்றில் வைத்துப் பார்த்தான்.
நகர்ந்து இன்னொன்றில்.
சன்னலோரம் மூன்றாவதில் வைத்ததும்
"இதுதானே?" என்றான்.

அது நான் போட்டது.
காதோரம் ஸ்பாஞ்சு நழுவிய இடம்
இங்கிருந்தே தெரிகிறது.

"அதேதான்" என்றேன்.
தூங்கிவிட்டான்.