குளிர்காலம் இல்லாத செதில்

ஆகஸ்ட் முடியும்போது தபாலில் உறைகள் வரும்.
சின்னப் பழுப்பு உறை. மேலே பென்சிலில்
தேதி, எடை, நீளம், பிடித்த மடு.
உள்ளே ஒட்டிக் காய்ந்த ஐந்தாறு செதில்.
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு.
மேசைக்கடியில் கூடை வைத்திருந்தேன்.
இந்த வருஷம் பதினேழு.
காபிக் குவளைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

செதிலைக் கழுவி இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்தால்
வெட்டுமரம் மாதிரி வளையங்கள்.
நெருங்கியிருந்தால் பனிக்காலம், பட்டினி.
விலகியிருந்தால் கோடை.
மூன்று வருஷம் ஆறு; பிறகு சட்டென்று அகலம்:
கடல்.

சங்கச் செயலாளர் ஒட்வார் போனில் கேட்கிறார்,
"என்னதான் சொல்லுது ஒங்க செதிலு?"
அவரிடமே பதில் உண்டு, வருஷத்துக்கு ஒன்று.
முதலில் நீர்நாய். அப்புறம் ஜெர்மன்காரர்களின் தூண்டில்.
மேலணையில் ராத்திரி மதகை மூடிவிடுகிறார்கள்,
விடிந்தால் குஞ்செல்லாம் கூழாங்கல்மேல் என்றார் ஒருமுறை.
அது உண்மை. போய்ப் பொறுக்கினேன்.
ஒரு வாளிக்கு மேல் எண்ணவில்லை.
அந்த மின்சாரத்தில்தான்
என் நுண்ணோக்கியின் விளக்கு எரிகிறது.

சங்கச் சுவரில் ஒரு படம், 1979.
ஒரே நாளில் முப்பத்தொரு சால்மன், கழியில் கோத்துத் தொங்க,
பக்கத்தில் இருபது வயது ஒட்வார் சிரிக்கிறார்.
அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஃபியோர்டின் வாயில் வட்டவட்டமாய் வலைக்கூண்டுகள்.
கடலுக்குப் போகும் விரல்நீளக் குஞ்சு
அவற்றைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.
கடல்பேன் தொற்றும். அந்த உடம்புக்குப் பத்துப் பேன் போதும்.
கூண்டில் என் தம்பி ஹோவர்ட் வேலை செய்கிறான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள்
மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

பதினேழாவது உறை சிக்பியோனுடையது.
பதினொன்றரைக் கிலோ. தேவாலயத்து மடு.
'இருபது வருஷத்தில் பெரியது' என்று
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.
பேப்பரில் படம்கூட வந்தது,
ஞானஸ்நானத்துக் குழந்தைபோல் மீனை ஏந்தியபடி.

கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
எல்லா வளையமும் ஒரே இடைவெளி.
ஓரிடத்திலும் நெருங்கவில்லை.
வேளாவேளைக்குத் தின்ற மீன்.
புயலில் கிழிந்த வலை வழியே வந்திருக்கும்.
ஆறு என்று ஒன்று இருப்பதே
போன மாதம்தான் அதற்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் சிக்பியோன் கூப்பிட்டார், வயசு எத்தனை என்று.
இன்னும் பார்க்கவில்லை என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு போய்க்கொண்டிருந்தது,
நொடிக்கு இவ்வளவு என்று
எங்கோ ஒருவர் திருகி வைத்த அளவில்.

படிவத்தில் பதினேழை அடித்து
பதினாறு என்று எழுதினேன்.
பென்சிலில்தான்.