விட்டுவைத்தவை

கட்டில் உங்களுக்கு, என்றார் டுமிசானி.
மெத்தை, போர்வை, உடுத்தும் துணி,
வீட்டிலுள்ள சாப்பாட்டுச் சாமான்,
பிழைப்புக்கு ஒரு கருவி.
‘ஒரு’ என்ற இடத்தில்
பேனாவைக் கொஞ்சம் அழுத்தினார்.

டொங்காட் மெயின் ரோட்டில்
டயர்க்கடைக்கு மேல்மாடியில்
பதினோரு தையல் மெஷின் வைத்திருந்தேன்.
பள்ளிக்கூடச் சட்டைகள்.
கன்டெய்னரில் வந்திறங்கிய சட்டை
எங்கள் நூல் விலைக்கு விற்ற வருஷம்
வங்கியில் வாங்கினேன்,
வங்கிக்குக் கட்ட வட்டிக்கடையில் வாங்கினேன்,
வட்டிக்கடைக்குக் கட்ட
மோர்கனின் காரை விற்றேன்.
பிறகு டர்பன் கோர்ட்டில்
என் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள்.
பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பிறகு
யாரும் அப்படி வாசித்ததில்லை.

பதினொன்றில் எது என் கருவி?
ஒரு சட்டைக்கு மூன்று மெஷின் வேண்டும் ஐயா,
தைக்க ஒன்று, ஓரம் அடிக்க ஒன்று, காஜாவுக்கு ஒன்று.
பட்டியலைத் திரும்பப் பார்த்தார்.
சட்டத்துக்குச் சட்டை தைக்கத் தெரியாது.
அவர் மகளும் நாங்கள் தைத்ததைப் போட்டுத்தான்
பள்ளிக்குப் போகிறாள்.
பின்னால் தெரிந்தது; அன்று அவர் சொல்லவில்லை.

டிவி போகும். சோபா போகும்.
சாமி அறை வாசலில் ஷூவைக் கழற்றி
உள்ளே போகாமல் எட்டிப் பார்த்து
ஒன்றும் எழுதாமல் திரும்பினார்.

கராஜில் காவடி நின்றது,
மூங்கில் வளைவு, மயிலிறகு,
போன தைப்பூசத்துச் சாமந்தி காய்ந்து.
இது என்ன விலை போகும்?
மோர்கன் சொன்னான்:
வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு போய்க் கேட்கிறேன்,
இன்னும் சொல்லவில்லை.
பூஜ்யம் என்று எழுதினார்.

கடைசியில் சமையலறைப் பெரிய ஃப்ரீசர்.
அது வங்கிக்கு.
உள்ளே இருப்பது?
சாப்பாடு. அது உங்களுக்கு.
அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
எட்டுக் கிலோ ஆட்டுக்கறி,
இரண்டு கோழி, மீன், உரித்த மொச்சை,
தீபாவளிக்கென்று சுருட்டிவைத்த சமோசாத் தாள்.
நாளைக் காலை லாரி வரும், என்றார்.

அன்று சாயங்காலம் எல்லா அடுப்பும் எரிந்தது.
ஆள் அனுப்பினேன், தையல்காரிகள் வந்தார்கள்,
மூன்று வாரக் கூலி நான் பாக்கி வைத்தவர்கள்.
தேவகி, பத்மா, நொகுதுலா,
ஆளுக்கொரு பாத்திரத்தோடு.
கோர்ட்டுக் காகிதத்தில்
வங்கிக்கு மேலே இவர்கள் பெயர்.
தமிழில் கொடுத்தவரும் கடன்காரர்,
வாங்கியவரும் கடன்காரர்.
அந்த மேஜையில் வேறு யாருமே இல்லை.

யாரும் கூலியைப் பற்றிப் பேசவில்லை என்று
எழுத ஆசை.
பத்மா பேசினாள்,
எலும்பை உறிஞ்சிக்கொண்டே,
ராண்ட், சென்ட் கணக்கோடு.
மகனுக்குப் பஸ் காசில்லை என்றாள்.
தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.
கறிக்கு உப்பு குறைவு என்றும் சொன்னாள்.

ஏழாம் நம்பரை வைத்துக்கொள், என்றாள் நொகுதுலா,
கைகழுவும்போது.
எட்டு வருஷம் அவள் உட்கார்ந்த மெஷின்.
அது பழசு, என்றேன்.
பழசுதான். தனியாக விட்டாலும் தைக்கும்.

காலையில் ஃப்ரீசரை நகர்த்தினார்கள்.
தரையில் ஒரு வெள்ளைச் செவ்வகம்,
அதில் தூசு, ஒரு சட்டைப் பித்தான்,
ஐந்து ராண்ட் நாணயம் இரண்டு.
பட்டியலில் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது.
டுமிசானி குனிந்து பார்த்தார்,
பிறகு வெகுநேரம்
ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்தார்.

பத்து ராண்டுக்குக் கரண்ட் வாங்கினேன்.
மூன்று யூனிட் ஏறியது.
ஏழாம் நம்பரின் மிதிக்கு அடியில்
நொகுதுலாவின் செங்கல் அப்படியே இருந்தது.
என் காலுக்கு அது உயரம்.
எடுக்கவில்லை.