உரிமம் எண் 41

தேர்தல் தேதி சொன்ன மறுநாள்
வாலிநோக்கம் ஸ்டேஷனுக்கு நடக்கிறேன்,
கித்தான் உறைக்குள் இரட்டைக் குழல்.
உப்பளத்துப் பெண்கள் ஒதுங்குகிறார்கள்:
"கணக்கர் சுடப் போறாரு, விலகுங்கடி."

எஸ்.ஐ. புதுசு. "யார் பேர்ல இருக்கு?"
அறக்கட்டளை பேரில், ஐயா.
"அதக் கூட்டிட்டு வாங்க."

வராது. அதற்குக் கால் மூன்று.
ஒன்று கொச்சியில் ஐஸ் கம்பெனி நடத்துகிறது.
ஒன்று பெங்களூரில், ரளியா பீவி,
இதை ஒருமுறையும் தொட்டதில்லை.
மூன்றாவது போன ஆடியில் மவுத்தானது;
தாசில்தார் அலுவலகத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது.
பயன்படுத்துநர்: நான்.
உரியவர்: அறம்.

கொச்சிக்காரர் போனில் கேட்கிறார்,
வாப்பா ஞாபகமா சுவத்துல மாட்டணும், அனுப்புங்க.
உரிமத்தில் சிவப்பு மை: தமிழ்நாட்டுக்குள் மட்டும்.
செங்கோட்டை தாண்டி ரயில் குகைக்குள் நுழையும்.
அந்த இருட்டில் எந்தத் தண்டவாளக் கட்டையில்
இது குற்றமாகும்?
எங்கள் உப்பு வாரம் மூன்று லாரி
அதே கொச்சிக்குத்தான் போகிறது.

எஸ்.ஐ. எழுதுகிறார்:
தோட்டா பன்னிரண்டு.
பதினாறு வருடமாய்ப் பன்னிரண்டு.
ஈரத்தில் பருத்துவிட்டன, இனிக் குழலுக்குள் இறங்கா.
நான் சொல்லவில்லை.
கேட்டது எண்ணிக்கை.

குழலை மடக்கித் திறந்து
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார்.
நெடுநேரம் பார்க்கிறார்.
பிறகு விரலை உள்ளே விட்டு
நாக்கில் வைத்து
"உப்பு" என்கிறார்.

ரசீதில் அதற்குக் கட்டமில்லை.
எட்டாம் பாத்தியில் இன்று வாருகிறார்கள்,
வெயிலுக்கு முன் போகவேண்டும்.