நாற்பத்தொன்றாம் பாடம்

மண்டபத்தில் வகுப்பு தொடங்கியது
மே ஆறாம் தேதி.
தொண்ணூறு நாள். டீசல் இன்ஜின் பழுது நீக்குதல்.
நீல டீ-சர்ட், முதுகில் முத்திரை,
மதியம் எலுமிச்சைச் சாதம்.
இருபத்தாறு பேர். நான் பதினெட்டு.

மீன்பிடித் தடை ஏப்ரல் பதினைந்தில் விழும் என்பது
ஐஸ் கம்பெனி நாய்க்கும் தெரியும்.
வகுப்புக்கான உத்தரவு மட்டும்
பழைய பாலத்தில் ரயில் ஊர்வதுபோல
சென்னையிலிருந்து ஊர்ந்து வந்தது.
தடை போட்டதும் அரசாங்கம்,
வகுப்பு போட்டதும் அரசாங்கம்.
ஒரே சுவரில் இரண்டு காலண்டர்.

லிங்கேஸ்வரன் சார் பரமக்குடி பஸ்ஸில் வருவார்.
வந்ததும் இன்ஜினைக் குடலுருவிப் பெஞ்சில் பரப்புவார்.
வருகைக் கருவி ஜெசிந்தாளின் விரலை
ஒரு வாரம் ஏற்கவில்லை.
பாசி எடுக்கிறவள்,
ரேகையைப் பாறை தின்றிருந்தது.
நாங்கள் சிரித்தோம். அவள்
பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

ஜூன் பதினாலு, நாற்பதாம் நாள்.
"டீசல் போற பாதையில காத்து புகுந்தா
என்ன செய்யணும்னு நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.
நாளைக்கு நான் அங்கே இல்லை.
பத்தொன்பது பேர் இல்லை.
ஐஸ் ஏற்றி, டோக்கன் வாங்கி,
டீ-சர்ட்டைக் கழற்றாமலே கடலுக்குப் போயிருந்தோம்.
பதிவேட்டில் எங்களுக்கு ஒரு சொல் உண்டு:
இடைநின்றவர்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை இரவு
இன்ஜின் இருமியது,
இன்னொரு தரம் இருமி நின்றது.
எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.
நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது.
"நீதானலே கவர்மெண்டு படிப்பு படிச்சவன்"
என்றான் டிரைவர் அந்தோணிப்பிச்சை.

எனக்கு நாற்பது பாடம் தெரியும்.
ஃபில்டரைக் கழற்றினேன், துடைத்தேன்,
அழகாகத் துடைத்தேன், மாட்டினேன்.
அதில்தான் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போனதாம்.
அது பிற்பாடு தெரிந்தது.

விடியக்காலம் வேறொரு போட்டு
கயிறு கட்டி இழுத்து வந்தது.
அவர்கள் டீசலுக்கு எங்கள் இறால் போயிற்று.

ஒர்க்‌ஷாப்பில் ஆள் கேட்டதற்கு
தொழிற்பழகுநரை அனுப்பினார்கள்.
ஸ்பேனர் பையோடு ஏணியில் இறங்கினாள் ஜெசிந்தாள்.
"டார்ச்சைப் புடி, பதினெட்டு."

ஒரு திருகைப் பாதி தளர்த்தினாள்.
கட்டைவிரலால் பம்பை அமுக்க அமுக்க
நுரை வந்தது,
நண்டு வளையில் வருமே, அந்த நுரை.
அப்புறம் குமிழி. அப்புறம் தனி டீசல்.
திருகை இறுக்கினாள்.
"காத்துதான்."
ஏழு நிமிஷம் ஆகியிருக்கும்.

உதவித்தொகை ரெண்டு மாசமா ஏறலை என்றாள்
கையைத் துடைத்தபடி,
யாரையும் குறை சொல்கிற குரலில் அல்ல.
அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டேன்.
"உத்தரவு வரணும்."
மேலே ஏறிப் போய்விட்டாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
பட்டப்பகலில் அந்தத் திருகின்மேல்
டார்ச்சை அடித்துக்கொண்டு
நான் இன்னும் நின்றிருந்தேன்.